கச்சான் கடந்து வரும் மலைவாயில்
அப்புத்தளைக்குச் செல்வோர் காணத்தக்கவையும் கருதத்தக்கவையும்

மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்து வளர்ந்த நம்மனோருக்கு மலை என்பது பெரும்பாலும் மேற்றிசையிலே தொலைவில் தோன்றும் ஒரு நீலக் கோடேயாம். குடும்பிமலை போன்ற சிலவற்றை விடுத்தால், நம்மைச் சூழ்ந்திருப்பன நீரும் மணலும் வயலும் தென்னையுமே. ஆயினும் நமது அன்றாட வாழ்வில் மூன்று பொருள்கள் மலையிலிருந்தே நம்மை வந்தடைகின்றன. வைகறையில் நாம் பருகும் தேநீர் ஒன்று. பட்டிப்பளை ஆற்றின் வழியாக வயலுக்கு வரும் நீர் மற்றொன்று. ஆனி, ஆடி மாதங்களில் நம் உதட்டை உலர்த்தி, முற்றத்து மணலை வாரி இறைக்கும் கச்சான் காற்று மூன்றாவது. இம்மூன்றின் பிறப்பிடத்தையும் ஒருங்கே கண்டறிதற்கு வாய்ப்பான சிற்றூர் ஒன்று உண்டு. அதுவே ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்திலுள்ள அப்புத்தளை.

நம் பழைய மாணவர்கள் குடும்பத்தோடும், ஆசிரியர்கள் மாணவரோடும் மலைநாடு செல்வது புதிதன்று. எனினும், அவ்வாறு செல்வோரிற் பலர் நுவரெலியாப் பூங்காவிலே சற்று உலாவி, குளிருக்கு அஞ்சி அடுத்த நாளே திரும்பிவிடுகின்றனர். மலையைக் கண்டோம் என்பர். மலை அவர்களுக்கு யாதும் சொல்லியிராது. இரண்டு அல்லது மூன்று நாள் தங்கி, ஒரு சிற்றூரை நன்றாகக் காண விரும்புவோர்க்கு வழிகாட்டியாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஊரும் அதன் வழியும்

நமக்கு மலைநாட்டு வாயில் செங்கலடியிலே திறக்கின்றது. அங்கிருந்து மேற்கே பிரியும் பதுளை வீதி கரடியனாறு, பெரிய புல்லுமலை ஆகியவற்றைக் கடந்து மகாஓயாவை அடையும். மகாஓயாவில் வெந்நீர் ஊற்றுக்கள் உள்ளன. இறங்கிப் பார்த்துச் செல்லலாம். அப்பால் பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை என்னும் ஊர்கள் வழியாக வீதி ஏறுகின்றது. பிபிலை வரை காடும் வயலுமாய் இருந்த நிலம், லுணுகலையை அணுகும்போது தேயிலையாக மாறிவிடும். போர்க்காலத்திலே இவ்வீதியிற் போக்குவரவு நெடுநாள் அருகியிருந்தது. இன்று அச்சமின்றிச் செல்லலாம்.

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கிருந்து பண்டாரவளை, தியத்தலாவை வழியாக அப்புத்தளையை அடையும்போது நாம் 1,430 மீற்றர் அளவிற்கு உயர்ந்துவிடுகின்றோம். உயரம் 1,000 மீற்றர் கூடுந்தோறும் வெப்பம் ஆறு அல்லது ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுவிதி. எனவே, வாவிக்கரையிலே 31 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பகலில், அப்புத்தளையில் 22 பாகை அளவில் இருக்கும். இரவிலோ கம்பளி ஆடை இன்றியமையாதது.

ஊரின் அமைப்பே ஒரு பாடம். ஒடுங்கிய மலைமுகட்டின்மீது, கூரைமுகட்டில் அமர்ந்த பறவைபோல, இவ்வூர் அமைந்திருக்கின்றது. கடைத்தெருவின் ஒரு புறம் நின்று நோக்கினால் தெற்கே நிலம் செங்குத்தாக இறங்கி, தாழ்நிலக் காடுகளாய்ப் பரந்து கிடப்பதைக் காணலாம். மறுபுறம் திரும்பினால் ஊவாப் பள்ளத்தாக்கின் குன்றுகள் அலையலையாகத் தோன்றும். சில அடி தூரத்தில் இரண்டு நாடுகளைக் காண்பதுபோன்ற தோற்றம் அது.

கச்சானின் கதை

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என நம் மீனவர் காற்றுக்குத் திசைப்பெயர் வழங்குவர். இவற்றுள் மேற்கிலிருந்து வருவதாகிய கச்சான் ஏன் இத்துணை வெம்மையும் வறட்சியும் உடையதாயிருக்கின்றது என்பதை நம் மாணவரிற் பலர் வினாவியிருக்கமாட்டார்கள். மலைமுகட்டில் நின்றால் விடை கண்முன்னே தோன்றும்.

வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று, இந்து சமுத்திரத்தின் நீராவியைச் சுமந்துகொண்டு மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மோதுகின்றது. மோதிய காற்று மேலெழ வேண்டியதாகின்றது. மேலெழும் காற்று விரிவடைந்து குளிரும். குளிர்ந்தபோது அதிலுள்ள நீராவி முகிலாகி மழையாய்ப் பொழியும். நீராவி நீராக மாறுகையில் தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை வெளிவிடுவதனால், முகிலுக்குள்ளே ஏறும் காற்று 1,000 மீற்றருக்கு ஐந்து அல்லது ஆறு பாகை மாத்திரமே குளிர்கின்றது. முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் காற்றிலோ மழைநீர் இல்லை. அக்காற்று அமுக்கமுற்று, 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் வெம்மையடைகின்றது.

கணக்கிட்டுப் பார்ப்போம். முகிலினூடே 1,500 மீற்றர் ஏறிய காற்று எட்டுப் பாகை அளவு வெப்பத்தை இழக்கும். அதே 1,500 மீற்றர் இறங்கும்போது 15 பாகையைப் பெறும். எனவே, புறப்பட்ட உயரத்திற்கு அது திரும்பி வருகையில், புறப்பட்ட போதினும் ஏழு பாகை அதிக வெம்மையும் மிக்க வறட்சியும் உடையதாயிருக்கும். ஈரத்தை மேற்கிற்கு ஈந்துவிட்டு வெம்மையை மாத்திரம் கிழக்கிற்குக் கொண்டுவரும் இக்காற்று, பிபிலை, மகாஓயாச் சமவெளிகளின் காய்ந்த நிலத்தைத் தடவி மேலும் சூடேறி நம் ஊரை வந்தடைகின்றது. ஐரோப்பாவில் அல்ப்ஸ் மலையின் சாரலில் வீசும் ‘போன்’ என்னும் காற்றும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. காலநிலை நூலோர் ‘கச்சான்’ என்னும் நம் சொல்லையே எடுத்தாளுதலும் உண்டு.

இனி, இதன் மறுபக்கத்தைக் காண்க. நம் தோட்டத்து மரக்கறியை வாட்டும் இதே காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குப் புகழ் தேடித் தருகின்றது. ஆடி முதல் புரட்டாதி வரை, மலை இடைவெளிகளினூடாகப் புகும் வறண்ட காற்றினால் தேயிலைச் செடியின் வளர்ச்சி மெதுவாகின்றது. அவ்வாறு மெல்ல வளரும் கொழுந்தில் நறுமணப் பொருள்கள் செறிகின்றன. அவற்றுள் மெதைல் சலிசிலேற்று என்னும் பொருள் ஊவாத் தேயிலைக்கே சிறப்பாயுள்ள குளிர்ந்த மணத்தை அளிக்கின்றது. உலகச் சந்தையில் அம்மாதங்களின் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைப்பது இக்காரணம் பற்றியே. ஒரே காற்று, நமக்கு வாட்டம், மலைக்கு வாசம்.

ஆகவே, ஆவணி விடுமுறையிற் செல்வோர், வீட்டில் கச்சானை அனுபவித்துவிட்டு, அது முகடு தாண்டும் இடத்திலே நின்று அதன் குளிர்ந்த தொடக்கத்தையும் அனுபவிக்கலாம். தெற்கிலிருந்து முகில் எழுந்து, கடைத்தெருவைத் தாண்டி, வடபுறத்துச் சரிவில் இறங்கும்போது கண்காணக் கரைந்து மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும் விந்தையாகும்.

லிப்டன் இருக்கை

அப்புத்தளைக்குச் செல்வோர் முதலிற் காணவேண்டியது லிப்டன் இருக்கை என்னும் முகடு. கிளாஸ்கோ நகரிலே மளிகைக்கடை நடத்திப் பெருஞ்செல்வரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, இப்பகுதியிலே தம்பேத்தென்னை முதலிய தோட்டங்களை விலைக்கு வாங்கினார். ஏறக்குறைய 1,970 மீற்றர் உயரமுள்ள இம்முகட்டில் அமர்ந்தே அவர் தம் தோட்டங்களைப் பார்வையிட்டார் என்பர்.

விடியுமுன் புறப்படுதல் வேண்டும். காலை ஒன்பது மணியளவில் பெரும்பாலும் மூடுபனி எழுந்து யாவற்றையும் மறைத்துவிடும். தம்பேத்தென்னைத் தொழிற்சாலை வரை பஸ்ஸிற் சென்று, அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் அளவு தேயிலையினூடே வளைந்து செல்லும் பாதையில் நடந்து ஏறுவது நன்று. நடக்க இயலாத முதியோர் முச்சக்கர வண்டியிற் செல்லலாம். தெளிந்த வேளையில் ஊவா, சப்பிரகமுவ, தென், மத்திய மாகாணங்களின் நிலப்பரப்புக்கள் படம்போல விரிந்து தோன்றும்.

கொழுந்து தேயிலையாகும் விதம்

இறங்கி வருகையில் தம்பேத்தென்னைத் தொழிற்சாலையைக் காணலாம். இது 1890இல் லிப்டனால் நிறுவப்பட்டது. அங்கே நிகழ்வன ஐந்து படிகளாகும்.

முதலாவது, வாட்டுதல். மடுவத்தில் நிறுக்கப்பட்டு வந்த பச்சைக் கொழுந்தை நீண்ட தொட்டிகளிற் பரப்பிக் காற்றூட்டுவர். பல மணிநேரத்தில் அதன் ஈரம் பாதியளவு குறைந்து, கொழுந்து துவளும். இரண்டாவது, உருட்டுதல். உருளைப் பொறியில் இலை நசுங்கி, அதன் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளிப்படும். மூன்றாவது, புளிக்கவைத்தல் எனத் தோட்டத்தார் சொல்வது. உண்மையில் இது நொதித்தல் அன்று. இலைச்சாறு வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதேயாம். அப்போது பச்சை நிறம் செம்பு நிறமாக மாறும். இதன் நேரத்தை அறிந்து நிறுத்துவதே தேயிலை செய்வோரின் கைத்திறன். நான்காவது, வெப்பக் காற்றில் உலர்த்துதல். செம்பு நிறம் கறுப்பாகும். ஐந்தாவது, சலித்துத் தரம்பிரித்தல். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கரைக் கிலோ அளவிற் பச்சைக் கொழுந்து வேண்டும்.

அந்த நான்கரைக் கிலோவும் விரல் நுனியாற் பறிக்கப்பட்டதென்பதை நினைவிற் கொள்க. இரண்டிலையும் ஒரு மொட்டும் என்பதே அளவு. முற்றிய இலையைப் பறித்தால் தேநீர் சுவை கெடும். இளந்தளிரை விட்டுவிட்டால் அடுத்த முறைக்குள் முற்றிவிடும். ஏறக்குறைய வாரம் ஒருமுறை அதே செடிக்கு மீண்டும் வருதல் வேண்டும். செங்குத்தான சரிவில், மழையிலும் வெயிலிலும், நெற்றியிற் கயிறு தாங்கிய கூடையோடு நின்று, இரு கைகளாலும் இதனைச் செய்வது ஒரு தொழிற்கலை. புகைப்படத்திலே அழகாகத் தோன்றும் அக்காட்சி, செய்வார்க்கு முதுகொடியும் வேலையாகும்.

மலையின் மக்கள்

இவ்விடத்தே நாம் சற்று நின்று சிந்தித்தல் கடன். மலைநாட்டுக்குச் செல்லும் நம்மவர் பலர், அங்கே மலையையும் அருவியையும் கண்டு வருகின்றனர்; தமிழ் பேசும் ஒரு பெருஞ்சமூகத்தைக் காணாது வருகின்றனர். தேயிலையினூடே நடக்கும்போது செவியில் விழுவது நம் மொழியே. எனினும், அவர் வரலாற்றை நாம் அறிந்தது சிறிதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபோது, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வறுமையால் வாடிய மக்கள் கங்காணிமார் வழியாக அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களிற் பலர் கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை, அந்நோய்க்குப் பின் கோப்பியின் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, உழைத்த கைகள் மாறவில்லை.

நாடு 1948இல் சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்து வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் 1974இல் முடிவு செய்யப்பட்டது. எண்களாகப் படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இப்பங்கீட்டினால், தாய் ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெரும்பாலும் தீர்ந்தது. தம் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவ்வழியே பலர் நடந்து சென்றனர்.

இம்மக்களிடையே நாம் எவ்வாறு நடந்துகொள்வது? லயன் எனப்படும் வரிசை வீடுகள் காட்சிப் பொருள் அல்ல. மனிதர் வாழும் இல்லங்கள். அழைக்கப்படாமல் வாயிலில் நின்று எட்டிப் பார்த்தல் தகாது. கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளாமற் படம் பிடித்தலும், சிறுவர்க்கு இனிப்பை வீசி எறிதலும் கல்வி கற்றோர்க்குப் பெருமையன்று. “வணக்கம் அக்கா” எனச் சொல்லி, வேலைக்கு இடையூறின்றி இரண்டு சொற்பேசினால், பதிலுக்கு வரும் அன்பு மலைபோன்றது. தோட்டப் பாடசாலைக்கு ஏதேனும் உதவ விரும்புவோர், அதிபரிடம் முன்கூட்டிக் கேட்டு, வேண்டிய நூல்களை நூலகத்திற்கு வழங்குவது நன்று.

புறப்படுமுன் பதுளைப் பகுதியிற் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அவர்களின் ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதியைப் படித்துச் செல்க. மலையைப் பார்க்கும் கண் அதனாற் பண்படும்.

கலையிலும் நமக்கும் அவர்க்கும் உறவுண்டு. நம் ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் களரியில் ஆடப்படுவதுபோல, தோட்டங்களில் மாசி மாதத்தே காமன் கூத்து ஆடப்படுகின்றது. பிறை கண்டு கம்பம் ஊன்றித் தொடங்கும் அக்கூத்து, காமன் எரிவதும் இரதி புலம்புவதுமாகப் பல நாள் நிகழும், ஊரே அரங்கமாகும். தப்பின் ஓசை மலையில் எதிரொலிக்கக் கேட்பது தனிச் சுவை. மாசியில் வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆதலின், ஆவணியிற் செல்ல இயலாதோர் மாசியிற் செல்க. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையிலே மட்டக்களப்புக் கூத்தினை மாணவரைக் கொண்டு மேடையேற்றி நாடறியச் செய்தார். நம் கூத்து மலையேறிப் புகழ் பெற்றது. மலையின் கூத்தை நாம் சென்று காண்பது கைம்மாறு ஆகும்.

காணத்தக்க பிற இடங்கள்

ஊரிலிருந்து சிறு தூரத்தில் அடிஷாம் மாளிகை உள்ளது. தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1931இல், இங்கிலாந்தில் தாம் பிறந்த ஊரின் பெயராலே கருங்கல்லிற் கட்டியது இது. 1960களிலிருந்து பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக விளங்குகின்றது. வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும் பார்வையாளரை அனுமதிப்பர்; துறவியர் செய்யும் பழப்பாகு வாங்கலாம். மௌனம் காத்தல் முறை. அதனை அடுத்துள்ள காடு, 1938இல் அறிவிக்கப்பட்ட தங்கமலைச் சரணாலயம். அதிகாலையிற் சென்றால் பறவை நூல் கற்போர்க்கு நல்ல விருந்து.

தெற்கே வெல்லவாயை நோக்கி இறங்கும் வீதியில், கொஸ்லந்தைக்கு அப்பால் தியலும அருவி 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கின்றது. மேற்கே களுபகனைக்கு அண்மையிலுள்ள பம்பரகந்த அருவி 263 மீற்றர் உயரமுடையது. இலங்கையின் மிகவுயர்ந்த அருவி அதுவே. அருவியின் உச்சிக்கு ஏறி ஓரத்தில் நிற்பதும், வழுக்குப் பாறையில் நீராடுவதும் உயிருக்கு இறுதியாகும். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இதில் சிறிதும் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

புகையிரதப் பாதையும் ஓர் அதிசயம். 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்த இருப்புப்பாதை, அங்கிருந்து பதுளை சேர 1924 வரை சென்றது. மலையேற்றத்தினும் இறக்கமே கடினமாயிருந்தமையைத் தெமோதரையிற் காணலாம். சரிவைக் குறைப்பதற்காகப் பாதை மலையைச் சுற்றி வந்து, தெமோதரை நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே தன்னையே கீழால் கடந்து செல்கின்றது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலமும் புகழ்பெற்றது. புயலாலும் மண்சரிவாலும் இப்பாதை சேதமுற்று வண்டிகள் நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே, சேவை நடைபெறுகின்றதா எனப் புகையிரத நிலையத்தில் முன்னரே விசாரித்தறிக. தண்டவாளத்தில் நடப்பதும் வண்டி வாயிலில் தொங்கிப் படம் பிடிப்பதும் அறவே கூடா.

பதுளையிலே புனித மார்க்கு ஆலயம் ஒன்றுண்டு. அது மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது. ஆயிரத்திற்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் எனப் பேசப்படும் அவர், 1845 ஜூன் 7இல் அப்புத்தளை வாடிவீட்டில் இடி தாக்கி இறந்தார். அறம் உரைப்போர் இதில் ஒரு நீதி காண்பர். பௌதிகம் கற்றோர் வேறொன்று காண்பர். உயர்ந்த முகட்டில், திறந்த வெளியில் நிற்பவனை மின்னல் நாடுகின்றது. பிற்பகலில் முகில் கறுத்து இடியொலி கேட்டால் முகட்டை விட்டு இறங்கிவிடுக.

மண்சரிவை அறிதல்

அழகைச் சொல்லி ஆபத்தைச் சொல்லாது விடுதல் நன்றன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, அப்புத்தளைக்குத் தெற்கே கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளைப் புதைத்தது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் தாம் பிழைத்துப் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோதும் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. 1978 நவம்பர் 23இல் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையையும் கண்ட நம் மக்களுக்கு அத்துயரின் தன்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மலை ஏன் சரிகின்றது? நெடுங்காலம் வெயிலும் மழையும் அரித்தமையால் மலைப்பாறையின்மேல் ஆழமான தளர்ந்த மண் படிந்திருக்கின்றது. பன்னாள் மழை பெய்ய, நீர் அம்மண்ணின் துளைகளை நிரப்புகின்றது. மண்ணின் பாரம் கூடுகின்றது. துணிக்கைகளைப் பிணித்திருந்த உராய்வு குறைகின்றது. ஆழமாக வேரூன்றிய காடு அழிந்து, நீரோடும் வாய்க்கால்கள் அடைபட்ட இடத்தில் இது விரைந்து நிகழும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புக்கள், சாய்ந்த மரங்களும் கம்பங்களும், இறுகித் திறக்க மறுக்கும் கதவுகள், புதிதாகத் தோன்றிய ஊற்று, திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய நீரோடை ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றைக் காண்பவர் பொருளைத் தேடாது சரிவுக்குப் பக்கவாட்டில் அகன்று, பாதுகாப்பான இடத்துக்கு உடனே செல்லுதல் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுற்றுலாவைத் தவிர்த்தல் நன்று. மற்றைக் காலத்தும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படும் நாளிற் பார்த்துக்கொள்க. மஞ்சள் நிறம் விழித்திருக்கவும், செம்மஞ்சள் ஆயத்தமாகவும், சிவப்பு வெளியேறவும் சொல்லும். சிவப்பு எச்சரிக்கையுள்ள பகுதிக்கு மாணவரை அழைத்துச் செல்வது எவ்வாற்றானும் தகாது.

மாணவர் செய்தற்குரிய சில சோதனைகள்

செலவில்லாத சோதனைகள் சில உள. செங்கலடி, மகாஓயா, பிபிலை, பசறை, பதுளை, அப்புத்தளை ஆகிய ஊர்களில் இறங்குந்தோறும் நிழலில் வெப்பமானியைப் பிடித்து வெப்பத்தைக் குறித்துக்கொள்க. உயரத்தோடு வெப்பம் குறைதலைத் தாளில் வரைந்து காண்க. அப்புத்தளையில் ஒரு வெறும் பிளாத்திக்குப் போத்தலை இறுக மூடிக் கொண்டுவருக. வாவிக்கரையை அடையும்போது அது நசுங்கியிருக்கும். கீழே வளியமுக்கம் அதிகம் என்பதற்கு அதுவே சான்று. தங்குமிடத்திற் கொதிக்கும் நீரின் வெப்பத்தை அளந்தால் 95 பாகை அளவே காட்டும். மலையில் சோறு வேகப் பொழுது செல்லும் காரணம் இதனால் விளங்கும். நெடுஞ்சாலையில் இறங்கும்போது எந்த ஊரிலே தேயிலை முடிந்து இறப்பரும், எங்கே அதுவும் முடிந்து வயலும் தொடங்குகின்றன எனக் குறித்து வருதலும் நல்ல புவியியற் பாடம்.

கொண்டு செல்ல வேண்டியவை: கம்பளிச் சட்டை, குடை, வழுக்காத சப்பாத்து, காட்டுவழியில் அட்டை கடித்தாற் பூச உப்பு அல்லது எலுமிச்சம்பழம். விட்டு வரக்கூடாதவை: பொலித்தீன் பைகளும் வெற்றுப் போத்தல்களும். மலையில் எறிந்தது மழையோடு ஆற்றிற் புகும்.

முடிவுரை

மதுளுசீமைப் பக்கத்து மலைகளிலே தோன்றும் பட்டிப்பளை ஆறு இறங்கிச் சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, கீழே கிழக்கின் வயல்களை வளப்படுத்துகின்றது. மலையில் மரம் வெட்டப்பட்டால் நம் குளம் மண்ணால் நிரம்பும். மலையின் காற்று நம் கோடையாகின்றது. மலையின் கொழுந்து நம் காலையாகின்றது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் இமயத்து மாயாவதி ஆச்சிரமம் சென்று ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராயிருந்தார். கடற்கரையோரும் மலையை அறிதல் வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு.

அன்பர்காள்! நம் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் ஒரு குழுவாகச் சென்று, மலையை அளந்தும், மலையின் மக்களோடு அளவளாவியும் திரும்புவாராயின், அது வெறும் உல்லாசப் பயணம் ஆகாது. கல்வியின் ஒரு பகுதியாகும். தோட்டப் பாடசாலை மாணவரை ஒருமுறை நம் வாவிக்கரைக்கு அழைத்து விருந்தோம்புதலும் நம் சங்கத்தினர் எண்ணத்தக்கது. கடலைக் காணாத பிள்ளைகள் மலையில் உளர். மலையைக் காணாத பிள்ளைகள் நம்மிடையே உளர். இரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்குப் பதுளை வீதி திறந்தே கிடக்கின்றது.